லங்காவியில் நங்கூரம் இழுபட்ட இரவு: வேலூர்க் குடும்பம் ஒன்றின் பாய்மரப் படகுப் பயணம்

லங்காவியில் வாடகைக்கு எடுத்த படகின் நங்கூரம் ஒரு நள்ளிரவில் பிடி விட்டது ஏன் என்று அலசிப் பார்க்கும் குறிப்பு இது. இதில் வரும் எல்லாரும் வேலூர், ராணிப்பேட்டைப் பக்கத்து ஆட்கள். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், அதனால் உறவுமுறையை வைத்தே சொல்கிறேன். நானும் அந்தப் படகில் இருந்தேன். கேப்டனின் கல்லூரி நண்பன் என்ற முறையில் கூடப் போனவன், பதிவேடு எழுதும் வேலை என்னிடம் இருந்தது. கீழே உள்ள நேரமும் ஆழமும் அந்தப் பதிவேட்டிலிருந்து எடுத்தவை.

பின்னணி

மாமா ராணிப்பேட்டையில் தோல் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர், அறுபதைத் தாண்டியவர். அத்தை. அவர்களுடைய மகள், மருமகன், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பேரப்பிள்ளைகள். கேப்டன் மாமாவின் அக்கா மகன், வயது 31, சென்னையில் ஐடி வேலை. சென்னைத் துறைமுகத்தில் சின்னப் பாய்மரப் படகில் பழகி, அப்புறம் வெளிநாட்டில் முறையான பயிற்சி எடுத்து, படகை வாடகைக்கு எடுத்துத் தானே ஓட்டும் அளவுக்குச் சான்றிதழ் வைத்திருப்பவர்.

தண்ணீரில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று கேலி செய்யப்படும் ஊரிலிருந்து ஒரு குடும்பம் கடலில் தங்கப் போகிறது என்றதும் சத்துவாச்சாரி தெருவில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அது போகட்டும். இந்த ஆய்வுக்கு முக்கியமான விஷயங்கள் இரண்டுதான். ஒன்று, படகு வாடகை முழுவதும் மாமா கட்டியது. இரண்டு, கேப்டனின் கல்லூரிக் கட்டணத்தில் பாதியும் அந்தக் காலத்தில் மாமா கட்டியதே. இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

லங்காவி மலேசியாவின் வடமேற்கு மூலையில், தாய்லாந்து எல்லையை ஒட்டி இருக்கும் தீவுக்கூட்டம். 99 தீவுகள் என்று கணக்கு, கடல் வற்றும்போது இன்னும் சில தலைகாட்டும். தீவுகள் நெருக்கமாக இருப்பதால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓரிரு மணி நேரத்தில் போய்விடலாம், புதிதாகப் படகில் ஏறுகிறவர்களுக்குத் தோதான இடம். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு விசா தொல்லையும் இல்லை.

அங்கே நல்ல பருவம் டிசம்பரிலிருந்து மார்ச் வரை. வடகிழக்குக் காற்று சீராக அடிக்கும், மழை குறைவு. இவர்கள் போனது மே மாதம். காரணம் பள்ளி விடுமுறை, வேறு எதுவுமில்லை. வேலூரில் அக்னி நட்சத்திரம் கொளுத்தும் நேரத்தில் எங்கேயாவது போனால் போதும் என்ற நிலை, கூடவே மே மாத வாடகையும் குறைவு. ஆனால் ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை அந்தப் பக்கம் சுமத்ரா தீவுப் பக்கமிருந்து திடீர்ச் சூறைக்காற்று வரும். ஊர்க்காரர்கள் அதையே ‘சுமத்ராஸ்’ என்பார்கள். பெரும்பாலும் இரவில் அல்லது விடியலுக்கு முன்னால், மேற்கிலிருந்து, இடி மழையோடு ஒரு சுவர் மாதிரி வந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் போய்விடும். கேப்டனுக்கு இது தெரியும், மாமாவிடம் வேலூரிலேயே சொல்லவும் செய்தார். “மழைதானே மாப்ளே, நம்ம ஊருல வராதா” என்று முடிந்துவிட்டது.

வேலூரில் செய்த தயாரிப்பு

சாயங்காலங்களில் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக் குழாயில் நைலான் கயிறு கட்டி முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தார். பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள். லைஃப் ஜாக்கெட் போடுவது, குடிநீரை அளந்து செலவழிப்பது, படகுக் கழிவறையில் பம்ப் அடிப்பது எல்லாம் பேசியாயிற்று. அத்தை பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் என்று ஒரு பெட்டியே கட்டினார்.

பேசாமல் விட்டது ஒன்று. படகில் கடைசி வார்த்தை யாருடையது? கேப்டன் என்று எல்லாரும் சிரித்துக்கொண்டே கூப்பிட்டார்கள், மாமாவும் கூப்பிட்டார், அது பட்டப்பெயர் மாதிரி. அவசரம் வந்தால் யார் சொல்வதை யார் கேட்க வேண்டும் என்று மொட்டை மாடியில் ஒரு நாள்கூட உட்கார்ந்து பேசவில்லை. மூத்தவரை வைத்துக்கொண்டு அந்தப் பேச்சை இளையவர் எடுப்பது எப்படி?

முதல் இரண்டு நாள்

படகு 39 அடி, மூன்று அறை, நீருக்கடியில் 1.9 மீட்டர் இறங்கும். வாடகைக்குக் கொடுத்தவர்கள் வரைபடத்தை விரித்து ஒரு மணி நேரம் விளக்கினார்கள். இரவில் ஓட்டக் கூடாது, மீன் வலைகள் கிடக்கும். இந்த மாதத்தில் மேற்கே திறந்திருக்கும் இடத்தில் இரவு தங்க வேண்டாம். இரண்டாவதைச் சொல்லும்போது வரைபடத்தில் சிவப்புப் பேனாவால் சில விரிகுடாக்களைச் சுழித்தும் காட்டினார்கள்.

இரண்டு இரவும் தாயாங் புந்திங் தீவுக்கும் அதை ஒட்டிய சிறு தீவுகளுக்கும் நடுவே, சுண்ணாம்புக்கல் மலைகள் சூழ்ந்த இடத்தில் நங்கூரம் போட்டோம். குளம் மாதிரி கிடந்தது தண்ணீர். அந்தத் தீவின் நன்னீர் ஏரியில் பிள்ளைகள் ஆசைதீரக் குளித்தார்கள். மலைக்கு மேலே செம்பருந்து வட்டமடித்ததைப் பார்த்து அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்தப் பருந்துதான் லங்காவிக்கே சின்னம் என்று சொன்னதும் அவருக்குப் பயணத்தின் மீதே ஒரு நம்பிக்கை வந்துவிட்டது.

நங்கூரம் போடும் வேலை இந்த இரண்டு நாளும் ஒழுங்காக நடந்தது. ஆழம் பார்ப்பது, சங்கிலி விடுவது, எஞ்சினைப் பின்னோக்கிப் போட்டு இழுத்துப் பார்ப்பது, கரையில் இரண்டு மரத்தை ஒரே கோட்டில் வைத்து நகர்கிறோமா என்று கவனிப்பது. மாமா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார், சுக்கானும் பிடித்தார், நன்றாகவே ஓட்டினார். யாரும் யாரையும் மறுத்துப் பேசவேண்டி வரவில்லை.

மூன்றாம் நாள் மாலை

நாலு மணி சுமாருக்கு மேற்குப் பார்த்த ஒரு மணல் கடற்கரைக்கு எதிரே நிறுத்தினோம். வரைபடத்தில் சிவப்புச் சுழி போட்ட இடங்களில் ஒன்று. பிள்ளைகள் ஒரு மணி நேரம் மணலில் விளையாடட்டும், ஐந்தரைக்குக் கிளம்பி இருட்டுவதற்குள் பழைய இடத்துக்குப் போய்விடலாம், ஐந்து கடல் மைல்தான் என்பது கேப்டனின் திட்டம். கடல் வற்றி முடியும் நேரம் அது. ஆழம் 5 மீட்டர். படகின் முன்முனை நீர்மட்டத்திலிருந்து 1 மீட்டர் உயரம். மொத்தம் 6 மீட்டருக்கு 30 மீட்டர் சங்கிலி, அதாவது ஒன்றுக்கு ஐந்து. பகல் நேரத்துக்குப் போதுமான கணக்கு.

ஐந்தரைக்குக் கேப்டன் கிளம்பலாம் என்றார். மாமா கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். அது இன்னும் இந்திய நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது, மலேசியா இரண்டரை மணி நேரம் முன்னால்.

“மூணு மணிதானே ஆவுது மாப்ளே. வெயிலைப் பாரு எப்படி அடிக்குது.”

“இங்க அஞ்சரை மாமா. ஏழரைக்கு இருட்டிடும்.”

“காத்து துளி இல்ல. பசங்க இப்பத்தான் சந்தோஷமா இருக்குதுங்க. ராத்திரி இங்கேயே இருந்துட்டா என்ன?”

கேப்டன் மேற்கே பார்த்தார். வானம் தெளிவாக இருந்தது. அவர் அப்போது சொல்ல நினைத்ததும் சொன்னதும் வேறு வேறு என்பது பின்னால் பேசும்போது தெரிந்தது. அன்றைக்கு வாயில் வந்தது “சரி மாமா” மட்டும். பதிவேட்டில் ‘இரவு இங்கேயே தங்கல்’ என்று எழுதச் சொன்னார், காரணம் சொல்லவில்லை.

இந்த முடிவோடு இன்னொன்றும் சேர்ந்தது. பகலுக்குப் போட்ட நங்கூரத்தை எடுத்து, இரவுக்கென்று ஆழமான இடத்தில் மறுபடி போடவில்லை. அங்கே ஓதத்தில் நீர்மட்டம் இரண்டு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். ஏற்றத்தில் 6 மீட்டர் 8 மீட்டருக்கு மேல் ஆகிவிடும், அதே 30 மீட்டர் சங்கிலி அப்போது ஒன்றுக்கு நாலுகூட வராது. மாடு கட்டும் முளை பக்கவாட்டில் எவ்வளவு இழுத்தாலும் நிற்கும், மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொள்ளும், நங்கூரமும் அப்படித்தான். சங்கிலி நீளமாகத் தரையில் கிடந்தால்தான் இழுப்பு பக்கவாட்டில் போகும். போதாததற்கு, நங்கூரம் போட்டபோது கரையிலிருந்து மெல்லிய காற்று, படகு சங்கிலியைக் கடல் பக்கமாக இழுத்திருந்தது. மேற்கிலிருந்து காற்று வந்தால் இழுப்பு நேர் எதிர்த் திசைக்கு மாறும், நங்கூரம் புரண்டு மறுபடி பிடிக்க வேண்டும்.

இதெல்லாம் கேப்டனுக்குத் தெரியாதா? தெரியும். இடத்தைப் பற்றிச் சொன்னது எடுபடாமல் போனபின், நங்கூரத்தை மாற்றிப் போடுவதற்காகப் பிள்ளைகளைக் கரையிலிருந்து கூட்டிவரச் சொல்வது மாமாவிடம் மறுபடி வாதாடுவது மாதிரி இருந்தது என்றார். ஒரு இடத்தில் விட்டுக்கொடுத்தவர் அதற்கடுத்ததையும் சேர்த்தே விட்டுக்கொடுக்கிறார். இந்த நிகழ்வில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான், நள்ளிரவில் நடந்தது இதன் தொடர்ச்சி.

பத்து மணிக்கு மேற்கே தூரத்தில் மின்னல். கேப்டன் யோசித்தார். இருட்டில் வலைகளுக்கு நடுவே ஐந்து மைல் ஓட்டுவது ஆபத்து. சங்கிலியை இன்னும் விடலாம், ஆனால் காற்று மேற்கிலிருந்து வந்தால் படகு கரைப்பக்கம் திரும்பும், கூடுதலாக விடும் ஒவ்வொரு மீட்டரும் கரைக்கு ஒரு மீட்டர் கிட்டே கொண்டுபோகும். இருந்தபடி இருப்பது என்று முடிவு செய்தார். ஜிபிஎஸ்ஸில் ஆங்கர் அலாரம் (படகு நின்ற இடத்தை விட்டு நகர்ந்தால் ஒலிப்பது) வைத்துவிட்டு மேல்தளத்திலேயே லைஃப் ஜாக்கெட்டோடு படுத்தார். குடும்பத்தை எழுப்பவில்லை. பின்னால் கட்டியிருந்த ரப்பர் டிங்கியும் (கரைக்குப் போய்வரும் சின்னப் படகு) தூக்கி வைக்கப்படாமல் நீண்ட கயிற்றில் மிதந்துகொண்டே இருந்தது.

நள்ளிரவு

12:25-க்கு சுத்தமாகக் காற்று நின்றது. சட்டென்று குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது, அடுத்த ஓரிரு நிமிடத்தில் லாரி வருகிற மாதிரி இரைச்சல். படகு கரைப்பக்கம் திரும்பி வெடுக்கென்று இழுத்தது. காற்றுமானி 38 நாட் காட்டியது, மணிக்கு 70 கிலோமீட்டர். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நாலு மடங்கு ஆகும். அலாரம் அடிக்க ஆரம்பித்தது.

கேப்டன் எஞ்சினைப் போட்டு, மருமகனைச் சுக்கானில் நிறுத்தி, “மெதுவா முன்னாடி மட்டும், நான் கை காட்டுறபடி” என்று சொல்லிவிட்டு முன்முனைக்கு ஊர்ந்து போனார். சங்கிலியின் மீதான இழுப்பைக் குறைத்தால் நங்கூரம் பிடித்துக்கொள்ள வாய்ப்புண்டு. நான் டார்ச் அடித்துக்கொண்டு நடுவில் இருந்தேன். மழையில் முன்னாலிருந்து பின்னாலுக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவர் கை மட்டும் தெரிந்தது.

அப்போதுதான் மாமா மேலே வந்தார். முன்னால் ஒரு மீன்பிடிப் படகின் பச்சை விளக்கு இருந்தது. மின்னல் வெளிச்சத்தில் அது கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது மாதிரி தோன்றியிருக்கிறது. உண்மையில் நல்ல தூரம். அவருக்குத் தெரிந்தது, நம் படகு அதை நோக்கி முன்னால் போகிறது என்பது மட்டும்.

“மோதப் போவுது! ரிவர்ஸ் போடுங்க மாப்பிள்ளை!”

முன்னால் கேப்டனின் கை ‘முன்னே’ என்கிறது. காதருகே மாமனாரின் குரல் ‘பின்னே’ என்கிறது. மருமகன் ரிவர்ஸ் போட்டார். டிங்கியின் கயிறு தொய்ந்து புரொப்பெல்லரில் சுற்றியது, எஞ்சின் ஒரு முக்கல் முக்கி நின்றது. அந்த உலுக்கலில் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்த அத்தை கீழே விழுந்தார், கையை ஊன்றி.

எஞ்சின் இல்லை, படகு கரையை நோக்கி நழுவுகிறது. இனிச் செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. பத்து மணிக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய வழியைக் கேப்டன் இப்போது எடுத்தார், மீதியிருந்த 30 மீட்டர் சங்கிலியையும் விட்டார். அப்போது வேண்டாம் என்றதற்கும் இப்போது விட்டதற்கும் இரண்டுக்குமே காரணம் சரி என்பது என் கருத்து. நங்கூரம் பிடித்திருக்கும்போது கரைக்கு உள்ள இடைவெளிதான் சொத்து. பிடி விட்டபின் அந்த இடைவெளி எப்படியும் போகத்தான் போகிறது, அதைச் சங்கிலியாக மாற்றிக்கொள்வது லாபம். அடியில் சேறு கலந்த மணல். சங்கிலி முழுதும் இறங்கியதும் படகு இரண்டு முறை குலுங்கி நின்றது. ஆழமானியில் 3.1 மீட்டர். பின்பக்கம் அலை உடையும் வெள்ளை நுரை டார்ச் வெளிச்சத்தில் தெரிந்தது.

பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் போட்டு உள்ளே உட்கார வைத்தோம். வாடகை நிறுவனத்துக்குப் போன் கிடைத்தது, விடிந்தால்தான் ஆள் வர முடியும் என்றார்கள். அத்தையின் மணிக்கட்டு வீங்கத் தொடங்கியிருந்தது. மகள் ஒரு தோசைத் திருப்பியின் மரக்கைப்பிடியை வைத்துத் துப்பட்டாவால் கட்டினார். அத்தை வலியில் முனகவில்லை, மாமாவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அது வேறு விதமான சூறைக்காற்று.

ஒன்றரை மணிக்குக் காற்று தணிந்தது. ஆனால் கடல் வற்றிக்கொண்டிருந்தது, அப்படியே இருந்தால் மூன்று மணிக்குள் படகு தரை தட்டும். சங்கிலியைச் சுருட்டி இழுக்கும், பேட்டரியில் ஓடும் வின்ச்சை விட்டு விட்டு இயக்கி, 25 மீட்டர் சங்கிலியை இழுத்துக்கொண்டு படகை ஆழத்துக்கு நகர்த்தினார் கேப்டன். இந்த முறை மாமா எதுவும் சொல்லவில்லை. டார்ச்சை வாங்கி ஆழமானியைப் படித்துச் சொல்லும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். “ரெண்டு நாப்பது… ரெண்டு அறுபது… மூணு” என்று ஒவ்வொன்றாக.

விடிந்த பிறகு

கடல் எதுவும் நடக்காத மாதிரி கிடந்தது. கேப்டன் முகமூடி மாட்டிக்கொண்டு அடுப்படிக் கத்தியோடு முங்கி, கயிற்றை அறுத்து எடுத்தார், பல தடவை முங்க வேண்டியிருந்தது. எஞ்சின் ஓடியது. நிறுவனத்தின் படகு வந்து கூடவே துறைக்கு அழைத்துப் போனது. அங்கிருந்த மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள், மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டோடு ஊர் திரும்பினார் அத்தை, மீதி வைத்தியம் வேலூரில். முன்பணத்தில் டிங்கி மோட்டார், முங்கிப் பார்த்த ஆள் கூலி, புரொப்பெல்லர் தண்டின் சீல் என்று ஒரு பங்கு கழிந்தது. படகின் அடிப்பாகத்துக்குச் சேதமில்லை.

ஊர் திரும்பிப் பேசியது

கேப்டன் ‘முழுக்க என் தப்பு’ என்கிறார். படகுச் சட்டப்படி சரி, பொறுப்பு அவருடையது. ஆனால் அதோடு நிறுத்தினால் அடுத்து இப்படிப் போகிற குடும்பத்துக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. அவருக்குத் திறமை குறைவு இல்லை, சங்கிலி விட்டதும் வின்ச்சில் நகர்த்தியதும் நன்றாகத் தெரிந்தவன் செய்கிற வேலை. மாமாவும் முரட்டுத்தனமாக எதுவும் செய்யவில்லை, தான் பார்த்ததை வைத்து எல்லாரையும் காப்பாற்றத்தான் கத்தினார். மருமகனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அந்த இடத்தில் யார் நின்றிருந்தாலும் மாமனார் குரலுக்குத்தான் கை போயிருக்கும்.

அத்தை ஒரே வரியில் சொன்னார்: “காசு குடுத்தா படகை வாடகைக்குக் குடுப்பான், காத்தையுமா சேர்த்துக் குடுப்பான்?” மாமா பதில் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் கடிகாரத்தைப் பற்றி அவராகவே எடுத்தார். அன்றைக்கு ஐந்தரை என்பது தனக்கு மனதில் உறைக்கவே இல்லை, மத்தியானம் முடியவில்லை என்றுதான் உடம்பு சொன்னது என்றார். வருத்தம் தெரிவிப்பது அவருக்கு அந்த அளவில்தான் வரும்.

மாற்றியது

கிளம்புவதற்கு முன்பே ஊரில் எல்லாரையும் உட்கார வைத்து, நங்கூரம், கிளம்பும் நேரம், தங்கும் இடம் மூன்றிலும் கேப்டன் சொல்வதே முடிவு என்று மாமாவின் வாயாலேயே சொல்ல வைப்பது. கேப்டன் சொல்லிப் பயனில்லை, மூத்தவர் சொன்னால்தான் மருமகன் கை அவர் பக்கம் போகாது. சுக்கானில் இருப்பவர் ஒருவர் கையை மட்டும் பார்ப்பார். மற்றவர்களுக்கு ஏதாவது ஆபத்து தெரிந்தால் என்ன தெரிகிறது என்று சொல்லலாம், ‘முன்னால் விளக்கு’ என்று, என்ன செய்வதென்று சொல்லக் கூடாது. மாமாவுக்குச் சும்மா உட்காரும் இடம் தராமல் ஆழமானி, ஆங்கர் அலாரம் இரண்டையும் அவர் பொறுப்பில் விடுவது. இதை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

வேலை முறையில்: சங்கிலிக் கணக்கு எப்போதும் ஏற்றத்து ஆழத்துக்குத்தான். பகல் நங்கூரம் இரவு நங்கூரமாகாது, தங்குவதென்றால் எடுத்து மறுபடி போட வேண்டும். இருட்டியதும் டிங்கி மேலே. மின்னல் தெரிந்தால் எல்லாரையும் எழுப்பி லைஃப் ஜாக்கெட். கடிகாரங்கள் விமான நிலையத்திலேயே உள்ளூர் நேரத்துக்கு.

மே மாதத்தை விட்டுவிட்டார்கள். அடுத்தது அரையாண்டு விடுமுறையில், டிசம்பர் கடைசியில், பிள்ளைகளுக்கும் தோது, காற்றும் வடகிழக்கு. வாடகை கணிசமாக அதிகம். இந்த முறை அதை மாமா, மருமகன், கேப்டன் மூன்று பேரும் சமமாகப் போடுகிறார்கள். கேப்டன் வைத்த ஒரே நிபந்தனை அது.